மறைச்சு சாப்பிடுற டிப்ரஷன் மாத்திரை

எஸ்சிட்டலோப்ராம்ங்கற டிப்ரஷன் மாத்திரையை ஆரம்பிச்சப்ப நான் பண்ண முதல் வேலை, அட்டையில இருந்து மாத்திரை எல்லாத்தையும் பிச்சு எடுத்து ஒரு காலி வைட்டமின் டப்பாவுல போட்டு வச்சது தான். வீட்ல யாராவது அட்டை மேல இருக்கற பேரைப் பார்த்து கூகுள்ல தட்டிட்டா என்ன பண்றதுன்னு பயம். அஞ்சு மாசம் கழிச்சு இடுப்பு புடிச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கற ஒரு கிளினிக்குக்கு போனேன், "வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா"ன்னு டாக்டர் சரியா தான் கேட்டார், ஆனா பக்கத்துல அம்மா நின்னுட்டு இருந்தாங்க, "வைட்டமின் மட்டும் தான் சார்"னு சொல்லிட்டேன். அவர் எழுதிக் குடுத்த வலி மாத்திரையில ட்ரமடால் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி வேர்த்து கொட்டுது, கை நடுங்குது, கால் தானா வெட்டி வெட்டி இழுக்குது, வயித்தால போகுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எனக்கு ஹார்ட் அட்டாக் தான்னு நினைச்சுட்டேன். விடியறதுக்குள்ள மனநல டாக்டருக்கு போன் போட்டா அவர் கேட்ட முதல் கேள்வியே "புதுசா என்ன மாத்திரை போட்ட?" அப்படியே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி பாத்து அனுப்பினார். என் மாத்திரையும் ட்ரமடாலும் ரெண்டுமே செரோட்டோனின்ங்கற, நரம்புகளுக்குள்ள சேதி கடத்தற பொருளை ஏத்தற ரகம், சேந்ததுல அது அளவு மீறிடுச்சு. லேசா வந்ததால தப்பிச்சேன்.

அதுக்கப்புறம் இதைப் பத்தி நிறைய படிச்சேன், டாக்டர் கிட்டயும் நிறைய கேட்டேன். இந்த மாத்திரைங்க ஒழுங்கா எடுத்தா பெரும்பாலானவங்களுக்கு பாதுகாப்பானது தான், சிக்கல் வர்றது ஆரம்பிக்கற வாரங்கள்லயும், வேற மருந்தோட கலக்கறப்பவும், திடீர்னு நிறுத்தறப்பவும், இந்த மூணு இடத்துலயும் நாம ஒளிச்சு வைக்கிறது ஆபத்தை இன்னும் கூட்டுது. அதைத்தான் இங்க விளக்கமா எழுதறேன்.

கொஞ்சம் பழைய கதையில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அது தெரிஞ்சா மத்தது தானா புரியும். 1952-ல நியூயார்க் பக்கம் ஸ்டேட்டன் ஐலண்ட்ல சீ வியூ ஆஸ்பத்திரியில டிபி நோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட்னு ஒரு மருந்து குடுத்துப் பாத்தாங்க. படுத்த படுக்கையா கெடந்தவங்க எழுந்து சிரிக்கறாங்க, ஆடறாங்க, நல்லா சாப்பிடறாங்க, நுரையீரல் ஆறினதை விட மனசு துள்ளினது தான் அதிகம் தெரிஞ்சுது. அப்புறம் தான் தெரிஞ்சுது, அது மூளையில செரோட்டோனின் மாதிரி பொருளை எல்லாம் உடைக்கற ஒரு என்சைமை தடுக்குதுன்னு. சில வருஷம் கழிச்சு சுவிட்சர்லாந்துல ரோலண்ட் கூன்னு ஒரு டாக்டர் இமிப்ரமின்னு ஒரு மருந்தை ஸ்கிசோஃப்ரினியாங்கற மனச்சிதைவு நோய்க்கு குடுத்துப் பாத்தார், அதுக்கு வேலை செய்யல, டிப்ரஷனுக்கு வேலை செஞ்சுது. இப்ப நம்ம ஊர்ல எழுதற ஃப்ளூவாக்சிடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் எல்லாம் இதுக்கு ரொம்ப பின்னாடி வந்தது, ஃப்ளூவாக்சிடினுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதே 1987 கடைசியில தான்.

அந்த ஐப்ரோனியாசிட் வகை மருந்துல ஒரு பெரிய பாடம் இருக்கு. அதை சாப்பிட்டவங்க சில பேருக்கு திடீர்னு மண்டை வெடிக்கற மாதிரி தலைவலி, பிரஷர் எகிறி மூளையில ரத்தக்கசிவு வரைக்கும் போச்சு. காரணம் என்னன்னு பாத்தா பழைய சீஸ்! 1963-ல லண்டன்ல பேரி பிளாக்வெல்னு ஒரு இளம் டாக்டர் இதை எழுதினார், அவருக்கு துப்பு குடுத்தது தன் மனைவி சீஸ் சாப்பிட்டப்ப மட்டும் தலைவலி வருதுன்னு கவனிச்ச ஒரு மருந்தாளர். வீட்ல ஒருத்தர் கவனிச்சு சொன்னதால தான் அந்த ரகசியமே வெளிய வந்துச்சு. அந்த வகை மாத்திரை இப்ப நம்ம ஊர்ல அனேகமா எழுதறதே இல்ல, அதனால சீஸ் பயம் நமக்கு வேண்டாம். ஆனா டிபி வார்டுல ஆரம்பிச்ச கதை டிபி வார்டுலயே வந்து நிக்குது பாருங்க: மருந்துக்கு அடங்காத டிபிக்கு இன்னிக்கு குடுக்கற லினசோலிட்ங்கற மருந்தும் அதே என்சைமை லேசா தடுக்கும். டிப்ரஷன் மாத்திரை எடுக்கறவர் அதை சொல்லாம லினசோலிட் ஆரம்பிச்சா எனக்கு வந்ததை விட மோசமா வரலாம். இந்தியாவுல டிபி எவ்வளவு இருக்குன்னு நமக்கே தெரியும், டிபி டாக்டர் கிட்ட கட்டாயம் சொல்லணும்னு நான் அழுத்தி சொல்றதுக்கு அது தான் காரணம்.

செரோட்டோனின்னா மூளையில மட்டும் இருக்கறதுன்னு நினைக்காதீங்க. உடம்புல இருக்கறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் குடல்ல தான் இருக்கு, ரத்தம் உறைய உதவற தட்டணுக்களும் அதை எடுத்து சேத்து வச்சுக்குது. இது ஒண்ணு புரிஞ்சாலே சைடு எஃபெக்ட் பாதி புரிஞ்சிடும். முதல் வாரம் ஏன் குமட்டுது, ஏன் வயிறு கலக்குதுன்னா குடல்ல இருக்கற செரோட்டோனின் தான். ஏன் இந்த மாத்திரையோட வலி மாத்திரை சேந்தா வயித்துல ரத்தம் கசிய வாய்ப்பு கூடுதுன்னா, தட்டணு செரோட்டோனினை எடுத்து சேத்துக்க இந்த மாத்திரை விடாததால தான். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இதெல்லாம் நாம மெடிக்கல்ல போய் "அண்ணே முட்டி வலிக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேட்டு வாங்கற சாமான், அங்க யாரும் நம்மகிட்ட மனநல மாத்திரை எடுக்கறீங்களான்னு கேக்கப் போறதில்ல, நாம தான் சொல்லணும். வலி, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் அளவோட எடுத்துக்கறது பெரும்பாலும் தொந்தரவில்லாத வழி. மலம் தார் மாதிரி கறுப்பா போனா ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க.

சரி, இது வேலை செய்யுமா? 2018-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு 522 சோதனைகள், ஒரு லட்சத்து பதினாறாயிரம் பேருக்கு மேல, 21 மருந்துகளை எடுத்துப் பாத்துச்சு, பெரியவங்களுக்கு வர்ற டிப்ரஷன்ல எல்லாமே மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையை விட நல்லா வேலை செஞ்சுது, ஆனா வித்தியாசம் சராசரியா பாத்தா மிதமானது தான். "மூளையில செரோட்டோனின் கம்மியாயிடுச்சு, இது டாப்-அப்"னு சொல்ற விளக்கம் ரொம்ப எளிமையானது, அதுக்கு ஆதாரம் பலமா இல்ல, ஆனா விளக்கம் முழுசா தெரியலைங்கறதுக்காக மருந்து வேலை செய்யலைன்னு ஆகிடாது. முதல் மாத்திரையிலயே முழுசா குணமாகறவங்க ஏறக்குறைய மூணுல ஒருத்தர் தான், அதனால முதல் மருந்து ஒத்துக்கலைன்னா உங்க மேல தப்பும் இல்ல, எல்லாம் முடிஞ்சுதுன்னும் இல்ல, வேற மருந்து இருக்கு, கூடவே கவுன்சிலிங் இருக்கு.

ஆரம்பிக்கற முதல் ஒரு மாசம் தான் ரொம்ப சோதனையான காலம். சைடு எஃபெக்ட் முதல் நாள்லயே வந்துடும், பலன் வர்றதுக்கு ரெண்டுல இருந்து நாலு வாரம், முழு பலன் தெரிய ஆறு எட்டு வாரம் கூட ஆகும். அதாவது முதல்ல கஷ்டம் மட்டும் தான் தெரியும். நிறைய பேர் பத்தாவது நாள்ல "எனக்கு ஒத்துக்கலை"ன்னு தூக்கிப் போடறது இங்க தான். குமட்டல், தலைவலி, வாய் உலர்றது, தூக்கம் கலையறது அல்லது தூங்கி வழியறது, லேசான படபடப்பு இதெல்லாம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கிடும். குமட்டினா சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பாருங்க, தூக்கம் கெட்டா காலைல, தூக்கம் வந்தா ராத்திரி, இந்த மாதிரி நேரத்தை மாத்தலாமான்னு டாக்டர் கிட்ட கேட்டா அவங்களே சொல்லுவாங்க. பதட்டம் அதிகம் இருக்கறவங்களுக்கு பாதி அளவுல ஆரம்பிச்சு ஏத்தறது வழக்கம், "ஏன் அரை மாத்திரை குடுத்தாங்க"ன்னு நீங்களா முழுசா போட்டுடாதீங்க.

இதே மாசத்துல தான் வீட்ல யாராவது ஒருத்தருக்கு தெரிஞ்சிருக்கறது உயிர் விஷயம் ஆகுது. 2004-ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு சின்னப் பசங்க, டீன் ஏஜ் பசங்க சம்பந்தமா ஒரு கடுமையான எச்சரிக்கையை மருந்தோட தகவல் தாள்ல கட்டம் கட்டி போட வச்சுது, 2007-ல அதை 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. சோதனைகள்ல மாவு மாத்திரை எடுத்த பசங்கள்ல 100-க்கு 2 பேருக்கு தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்துச்சுன்னா, நிஜ மாத்திரை எடுத்தவங்கள்ல 100-க்கு 4 பேருக்கு வந்துச்சு. அந்த சோதனைகள்ல யாரும் இறக்கல. இதைப் படிச்சுட்டு மாத்திரையே வேண்டாம்னு ஓட வேண்டியதில்ல, டிப்ரஷனை அப்படியே விடறதும் பெரிய ஆபத்து தான், ஆனா ஆரம்பத்துலயும் டோஸ் மாத்தறப்பவும் பக்கத்துல ஒரு கண்ணு வேணும். புதுசா ஒரு இடத்துல உக்கார முடியாத தவிப்பு, காரணமில்லாத எரிச்சல், தூக்கமே இல்லாத நிலை, சாகணும்னு எண்ணம் வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னிக்கே கூப்பிடணும். இந்தியாவுல 14416, அது டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம், இலங்கையில 1926. அமிட்ரிப்டிலின் மாதிரி பழைய மாத்திரைங்க அளவு மீறினா இதயத்தையே நிறுத்திடும், அதனால அந்த மாதிரி எண்ணம் இருக்கறவங்க வீட்ல மாத்திரை மொத்தமும் வேற ஒருத்தர் கையில இருந்து தினம் அன்னன்னிக்கு உள்ளது மட்டும் வர்றது நல்லது.

இன்னொரு விஷயமும் இந்த காலத்துல தான் வெளிய வரும். சில பேருக்கு மாத்திரை ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல திடீர்னு ஒரே உற்சாகம், மூணு மணி நேரம் தூங்கினா போதும், பேச்சு நிக்கவே மாட்டேங்குது, கடன் வாங்கி பொருள் வாங்கறாங்க. வீட்ல "அப்பா, நல்லாயிட்டான்"னு சந்தோஷப்படுவாங்க. அது குணமில்ல, அளவு மீறின உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்ற பைபோலார் நோயா இருக்கலாம், உடனே டாக்டருக்கு சொல்லணும். குடும்பத்துல யாருக்காவது முன்னாடி அப்படி இருந்திருந்தா, சித்தப்பா ஒரு காலத்துல ராத்திரி பகலா சுத்திட்டு இருந்தாருன்னு ஒரு கதை வீட்ல இருந்தா, அதை முதல் நாளே சொல்லிடுங்க.

வலி மாத்திரை, லினசோலிட் பத்தி சொல்லிட்டேன். மெடிக்கல்ல சாதாரணமா வாங்கற வறட்டு இருமல் சிரப் நிறையத்துல டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இருக்கும், அதுவும் செரோட்டோனினை ஏத்தற ரகம், பாட்டில் மேல படிச்சுப் பாருங்க. வேர்வை, நடுக்கம், தசை வெட்டி இழுக்கறது, பேதி, குழப்பம், காய்ச்சல் இதெல்லாம் புது மருந்து சேத்த சில மணி நேரத்துல ஒண்ணா வந்தா ஆஸ்பத்திரிக்கு தான் போகணும். ஃப்ளூவாக்சிடினும் பராக்சிடினும் வேற மருந்துகளை ஈரல் உடைக்கற வேலையை தடுக்கும்: மார்பக புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடறவங்களுக்கு அந்த மருந்தோட பலனே குறையலாம், பிரஷருக்கு மெட்டோபுரோலால் சாப்பிடறவங்களுக்கு நாடித் துடிப்பு ரொம்ப இறங்கலாம். ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் சேந்த மாத்திரை எடுக்கறவங்க ஃப்ளூவாக்சமின் கூட எடுத்தா தியோஃபிலின் ரத்தத்துல ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரைக்கும் போகலாம். இதெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம், எல்லா டாக்டரும் உங்க எல்லா மாத்திரையையும் பாத்தா போதும். அரசு ஆஸ்பத்திரியில மாத்திரையை கவர்ல போட்டு குடுத்தாங்கன்னா அந்த கவர் மேல பேரும் எம்ஜியும் எழுதி வாங்கிக்குங்க, "வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு"ன்னு சொன்னா எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

வயசானவங்க விஷயத்துல நான் கொஞ்சம் நிக்கறேன், ஏன்னா இது தான் ரொம்ப தவறிப் போகுது. அறுபது அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு, அதுவும் ஒல்லியான அம்மாக்களுக்கு, இந்த மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல ரத்தத்துல சோடியம் இறங்கலாம். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி மூத்திரம் போக வைக்கற மாத்திரை கூட இருந்தா இன்னும் வேகமா இறங்கும். தலைவலி, சோர்வு, நடக்கறப்ப தள்ளாட்டம், பேச்சு குழறல், ஆள் அடையாளம் குழம்பறது, முத்திப் போனா வலிப்பு. வீட்ல என்ன நினைப்பாங்க? "பாட்டிக்கு டிப்ரஷன் முத்திடுச்சு", இல்லன்னா "வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு". ஒரு சோடியம் டெஸ்ட், சில நூறு ரூபாய்க்குள்ள முடியறது, அதை செஞ்சாலே விஷயம் வெளிய வந்துடும். வயசானவங்களுக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு மூணு வாரத்துல இன்னொரு தடவை பாத்துடலாமான்னு நீங்களே கேளுங்க. சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் எடுக்கற, ஹார்ட் தொந்தரவு இருக்கறவங்களுக்கு ஈசிஜி கேக்கறதும் வீண் செலவு இல்ல, சிட்டலோப்ராம் அறுபது வயசுக்கு மேல 20 எம்ஜியை தாண்டக் கூடாதுங்கறதே இதயத் துடிப்போட தாளம் கெடலாம்ங்கற காரணத்துக்காகத் தான்.

நம்ம ஊர்ல இதெல்லாத்துக்கும் ஒரே பேர், "தூக்க மாத்திரை". இந்த பேரால தான் பாதி குழப்பம். டிப்ரஷன் மாத்திரையும் தூக்க மாத்திரையும் வேற வேற. ஆனா இந்தியாவுல எஸ்சிட்டலோப்ராமும் குளோனசிபாமும் ஒரே மாத்திரைக்குள்ள சேந்து நிறைய கம்பெனி விக்குது, வெறும் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையோட பேருக்கு பின்னாடி ஏதோ ஒரு வால் சேத்து வரும், அட்டைக்கு பின்னாடி சின்ன எழுத்துல தான் உள்ள என்னன்னு இருக்கும். குளோனசிபாம் பதட்டத்தை அடக்கி தூக்கம் வர வைக்கற, பழக்கமாகற மருந்து, பொதுவா ஆரம்ப ரெண்டு நாலு வாரத்துக்குத் தான், அதை மாசக்கணக்கா எடுத்துட்டு திடீர்னு நிறுத்தினா வலிப்பே வரலாம். அதனால அட்டையை திருப்பி படிங்க, ரெண்டு பேர் இருந்தா "இது எவ்வளவு நாளைக்கு"ன்னு கேளுங்க, பழைய சீட்டை வச்சு மெடிக்கல்ல வருஷக்கணக்கா வாங்கிட்டே இருக்காதீங்க. குளோனசிபாம் கூட சாராயம் சேந்தா மூச்சு மந்தமாகும், தனியா எஸ்சிட்டலோப்ராம்னாலும் குடி டிப்ரஷனை திரும்ப கூட்டிட்டு வரும். அதே மாதிரி மைக்ரேனுக்கும் நரம்பு வலிக்கும் 10 எம்ஜி அமிட்ரிப்டிலின், சுகர் கால் எரிச்சலுக்கு டுலாக்சிடின் எழுதறது வழக்கம், அது டிப்ரஷன் மாத்திரைன்னு கூகுள்ல பாத்துட்டு "என்னை பைத்தியம்னு நினைச்சுட்டாரா"ன்னு அதை நிறுத்திடாதீங்க.

கீழ்ப்பாக்கம்ங்கற ஊர் பேரையே நாம திட்டா பயன்படுத்தறோம். 1794-ல ஆரம்பிச்ச ஒரு ஆஸ்பத்திரியோட தொடர்ச்சி தான் அங்க இருக்கற மனநல ஆஸ்பத்திரி, எத்தனை தலைமுறையை பாத்திருக்கும்! அந்த கிண்டலுக்கு பயந்து தான் நான் வைட்டமின் டப்பா எடுத்தேன், அந்த பயத்துல தான் இன்னொரு விஷயமும் யாரும் வாயைத் திறக்கறதில்ல: தாம்பத்திய விஷயம். ஆசை குறையறது, உச்சம் வராம தள்ளிப் போறது இந்த வகை மாத்திரையில ரொம்ப சகஜம், ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும். டாக்டர் கிட்ட சொல்ல கூச்சம், துணை கிட்ட சொல்ல மாத்திரையே ரகசியம், கடைசியில வீட்ல சண்டை, இல்ல சத்தமில்லாம மாத்திரையை நிறுத்தறது. டோஸ் குறைக்கறது, மிர்டாசபின், புப்ரோபியான் மாதிரி இந்த தொந்தரவு கம்மியா இருக்கற மருந்துக்கு மாத்தறதுன்னு வழி இருக்கு. "டாக்டர், அந்தரங்கமா ஒரு சைடு எஃபெக்ட் இருக்கு"ன்னு ஒரு வரி போதும், மிச்சத்தை அவங்க கேப்பாங்க. மனசு மரத்துப் போய் அழுகையும் வரல சிரிப்பும் வரலைன்னு ஆனாலும் இதே மாதிரி சொல்லுங்க.

சபரிமலைக்கு மாலை போட்டாச்சுன்னு விரத நாள் முழுக்க மாத்திரையை நிறுத்தறவங்க, ரமலான் நோன்புல விட்டுடறவங்க இருக்காங்க. பெரும்பாலான மாத்திரை ஒரு நாளைக்கு ஒரு வேளை தான், நோன்பு திறந்த அப்புறமோ சஹருலயோ போட்டுக்கலாம், விரதச் சாப்பாட்டோடயும் போட்டுக்கலாம். ஒரு வேளை மறந்துட்டா அன்னிக்கே ஞாபகம் வந்ததும் போடுங்க, அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடுங்க, ரெண்டா சேத்து போடாதீங்க. கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னிக்கு பயந்து நிறுத்தறதும் அதே தப்பு தான், பராக்சிடினை பொதுவா தவிர்ப்பாங்க, செர்ட்ராலின் கர்ப்பத்துலயும் பால் குடுக்கறப்பவும் நிறைய பயன்படுத்தறாங்க, அதனால நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டரை பாருங்க, முடிஞ்சா கர்ப்பத்துக்கு திட்டம் போடறப்பவே.

கடைசியா நிறுத்தறது. நல்லாயிட்டோம்னு தோணற அன்னிக்கு நிறுத்தக் கூடாது, முதல் தடவை வந்த டிப்ரஷன்னா நல்லான அப்புறம் இன்னும் ஆறுல இருந்து ஒன்பது மாசம், திரும்பத் திரும்ப வந்ததுன்னா ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தொடரச் சொல்லுவாங்க. "அடிமையாயிடுவ"ன்னு சொல்றாங்களே, அது சாராயம் மாதிரி அடிமை இல்ல, ஏங்க வைக்காது, இன்னும் இன்னும்னு அளவை ஏத்தச் சொல்லாது. ஆனா உடம்பு அதுக்கு பழகியிருக்கும், திடீர்னு எடுத்தா தடுமாறும்: தலைசுத்தல், குமட்டல், கண்டபடி கனவு, எரிச்சல், அழுகை, அப்புறம் தலையைத் திருப்பினா மண்டைக்குள்ள சுரீர்னு கரண்ட் அடிக்கற மாதிரி ஒண்ணு. வென்லாஃபாக்சினும் பராக்சிடினும் உடம்பை விட்டு சீக்கிரம் போறதால இதுல மோசம், ஃப்ளூவாக்சிடின் வாரக்கணக்குல மெதுவா போறதால கொஞ்சம் சாது. நோய் திரும்ப வந்துடுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கறது? நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல, முன்னாடி இல்லாத உடம்பு தொந்தரவோட வந்து, மாத்திரையை திரும்ப போட்டதும் சீக்கிரமே அடங்கினா அது பெரும்பாலும் நிறுத்தினதால வந்தது, வாரம் மாசம்னு மெதுவா பழைய இருட்டு திரும்பினா அது நோய்.

குறைக்கறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. 20-ல இருந்து 10-க்கு வர்றதும் 5-ல இருந்து சைபருக்கு வர்றதும் மூளைக்கு ஒண்ணு இல்ல, மாத்திரையோட சின்ன அளவே மூளையில பெரும்பகுதி வேலையை பிடிச்சு வச்சிருக்கும், அதனால கடைசி படி தான் பெரிய பள்ளம். 2019-ல ஹொரோவிட்ஸ், டெய்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை விளக்கி எழுதினாங்க, அடுத்த வருஷம் பிரிட்டன் மனநல மருத்துவர்கள் அமைப்பும் நோயாளிகளுக்கு இந்த மாதிரி குறைக்கற வழியை வெளியிட்டாங்க. மேல இருக்கறப்ப பெரிய படி, கீழ வர வர சின்னச் சின்ன படி, ஒவ்வொரு படியிலயும் சில வாரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறது நிறைய பேர் பண்ணுவாங்க, பெரும்பாலான மாத்திரைக்கு அது தினமும் ஏறி இறங்கற தூளி மாதிரி ஆயிடும், அதை விட தினமும் கொஞ்சமா குறைச்சு எடுக்கறது மேல். வென்லாஃபாக்சின், டுலாக்சிடின் மாதிரி மெதுவா கரையற, உறை போட்ட வகையை நீங்களா உடைச்சோ நசுக்கியோ போடாதீங்க. நான் 10-ல இருந்து இறங்க கிட்டத்தட்ட ஏழு மாசம் எடுத்தேன், நடுவுல ஒரு தடவை தாங்கல, முந்தின படிக்கே போயி ஒரு மாசம் நின்னேன், பரிட்சையும் வேலை மாத்தறதும் கல்யாணமும் நடக்கற மாசத்துல குறைக்க வேண்டாம்னு டாக்டர் சொன்னதையும் கேட்டேன்.

அந்த குறைக்கற காலத்துல தான் கடைவாய்ப் பல்லு பிடுங்க வேண்டி வந்துச்சு. பல் டாக்டர் அதே கேள்வியை கேட்டாங்க, வேற மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா. எஸ்சிட்டலோப்ராம் 5 எம்ஜி, குறைச்சுட்டு இருக்கேன்னு சொன்னேன். எழுதியிருந்த வலி மாத்திரையை ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பாராசிட்டமால் எழுதினாங்க, ரத்தம் நிக்க கொஞ்சம் லேட் ஆகலாம், பஞ்சை அரை மணி நேரம் கூடுதலா கடிச்சுக்கங்கன்னாங்க. அம்மா அன்னிக்கும் பக்கத்துல தான் நின்னுட்டு இருந்தாங்க, வீட்டுக்கு வந்து பஞ்சை எப்ப எடுக்கணும்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டாங்க.